இறங்கித் தள்ளிய கதை

ஸ்ரீரங்கத்திலிருந்து கொல்லிமலைக்கு சைக்கிளில் போய்வந்ததைப் பற்றி மூன்று வருடத்துக்கு முன் இங்கே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். போன வாரம் வேறு எதையோ தேடும்போது அது கண்ணில் பட்டது. முழுக்கப் படித்துப் பார்த்தேன். பரவாயில்லை, நல்லாத்தான் எழுதியிருக்கேன். ஆனால் அதில் ஒரு பொய் இருக்கிறது.

காரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் “வென்று” மேலே போனதாக எழுதியிருக்கிறேன். நடந்தது வேறு. நாற்பத்து மூன்றாவது வளைவில் இறங்கினேன். ஐம்பது தாண்டும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். அறுபதுக்கு மேல் இன்னொரு முறை. அது எதுவும் குறிப்பில் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஏன் மறைத்தேன் என்று யோசித்தபோது, தமிழில் வந்த மற்ற மலையேற்ற சைக்கிள் குறிப்புகளையும் எடுத்துப் படித்தேன். ஒரு பத்துப் பன்னிரண்டு இருக்கும். கொல்லிமலை, ஏற்காடு, மசினகுடியிலிருந்து ஊட்டி ஏறும் கல்லட்டி. எல்லாமே ஒரே அச்சு. விடியற்காலைப் புறப்பாடு. சமவெளி ஒரு வரியில் முடிந்துவிடும். பிறகு வளைவு எண்கள், காலில் தசைப்பிடிப்பு, “மலை என்னைச் சோதித்தது”. உச்சியில் பெயர்ப்பலகையோடு ஒரு படம். இறக்கத்துக்கு அரை வரி. ஒருவர்கூட சைக்கிளை விட்டு இறங்கவில்லை. இத்தனை பேரில் ஒருத்தர்கூடவா? நம்ப முடியவில்லை. நான் பொய் சொன்னேன் என்பதைவிட, இந்த அச்சு எனக்காகப் பொய் சொன்னது என்று தோன்றுகிறது. அதற்காக நான் தப்பித்துவிட முடியாது என்பது வேறு விஷயம்.

இந்த அச்சு எங்கிருந்து வந்தது? பயணத்திலிருந்து வரவில்லை, பந்தயத்திலிருந்து வந்தது. இதை மிகத் தெளிவாகக் காட்டியவர் ரோலான் பார்த். 1957இல் வந்த அவருடைய ‘மித்தாலஜீஸ்’ நூலில், டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஒரு காவியமாகப் படிக்கும் கட்டுரை உண்டு. அதில் மலைகளுக்கு ஆளுமை வந்துவிடுகிறது. வான்தூ என்ற மலை பலி கேட்கும் தெய்வமாகிறது. வீரர்கள் புராணப் பாத்திரங்கள். பத்திரிகைகள் பந்தயத்தை எப்படிப் பெரிதாக்கின என்பதை அவர் கச்சிதமாகப் பிடித்துவிட்டார். நூல் வந்து பத்து வருடம் கழித்து, 1967 ஜூலையில், டாம் சிம்ப்சன் என்ற ஆங்கிலேய வீரர் அதே வான்தூ ஏற்றத்தில் விழுந்து இறந்தார். வெயில், ஊக்கமருந்து, மது. மலை பலி கேட்கவில்லை. நிறுத்தக்கூடாது என்ற எண்ணம்தான் கேட்டது.

அந்தக் கட்டுரையில் எனக்கு ஒரு குறை உண்டு. அதே சாலையில் பையை மாட்டிக்கொண்டு, ரொட்டி வாங்கித் தின்று, வழி கேட்டு, மெதுவாக ஏறிப்போகும் சாதாரண ஆள் அதில் எங்குமே இல்லை. காவியத்தில் அவனுக்கு இடம் கிடையாது. நாமோ அந்தச் சாதாரண ஆட்கள். காவிய பாஷையை மட்டும் கடன் வாங்கிக்கொண்டோம்.

கடன் வாங்கியதையாவது சரியாகப் பார்த்தோமா என்றால் அதுவும் இல்லை. 1910இல் டூர் டி பிரான்ஸ் முதன்முறையாகப் பிரனீஸ் மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களுக்குப் போனது. 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயை இறங்காமல் ஏறியவர் குஸ்தாவ் காரிகூ. அதற்காகவே அவருக்கு நூறு பிராங்க் பரிசு. அன்றைய கட்டத்தையும் அந்த வருடத்துப் பந்தயத்தையும் வென்றது ஒக்தாவ் லாபிஸ். அவர் தூர்மலேயில் கொஞ்சம் ஓட்டியும் கொஞ்சம் தள்ளியும்தான் ஏறினார். அடுத்த வருடம் ஆல்ப்ஸில் கலிபியே. அங்கேயும் தள்ளாமல் ஏறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆக, காவியத்தின் முதல் நாயகர்களே தள்ளியவர்கள்தான். நாம்தான் வெட்கப்படுகிறோம்.

அவர்கள் தள்ளியதற்கு முக்கியக் காரணம் கியர். பந்தயத்தை நடத்திய ஆன்றி தெகிராஞ்சுக்குக் கியர் மாற்றும் கருவியே பிடிக்காது. அதெல்லாம் வயதானவர்களுக்கு என்பது அவர் கட்சி. 1937வரை டூரில் டிரெய்லருக்கு அனுமதி இல்லை. எதிர்க்கட்சியில் இருந்தவர் சேந்த் எத்தியேனைச் சேர்ந்த போல் த விவி. வெலோசியோ என்ற பெயரில் எழுதியவர். பட்டு வியாபாரம் பார்த்தவர். 1887இல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கி, சாகும்வரை கியருக்காக வாதாடினார். சைக்கிள் பயணிகளுக்கு அவர் சொன்ன யோசனைகள் நம்ம வீட்டுப் பாட்டி சொல்வது மாதிரி இருக்கும். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி, வீம்புக்கு மிதிக்காதே. இதில் கடைசியைத்தான் என் குறிப்பு மீறியது.

வீம்புக்கும் கியருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்கு. சாதாரண சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். 28 அங்குலச் சக்கரத்தில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சுமார் ஐந்தரை மீட்டர் போகும். முன்னும் பின்னும் ஒரே எண்ணிக்கைப் பல் இருந்தால் இரண்டேகால் மீட்டர்கூடப் போகாது. நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் ஏற்றத்தில், முதலாவதில் ஒவ்வொரு சுற்றுக்கும் உங்கள் உடம்பையும் வண்டியையும் 33 சென்டிமீட்டர் தூக்குகிறீர்கள். இரண்டாவதில் 13. மலை அதேதான், ஆளும் அதே ஆள்தான். திருவானைக்காவலில் எனக்கு சைக்கிள் பார்க்கும் அண்ணன் கிளம்பும் முன்பே சொன்னார்: “இந்தப் பல்லை வச்சிக்கிட்டு ஏத்தத்துக்குப் போவாதீங்க சார், முட்டி போயிரும்.” எனக்கு வீம்பு. மாற்றவில்லை. குறிப்பில் அவரும் இல்லை.

வளைவு எண்ணே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. இன்னும் எவ்வளவு இருக்கிறது, தண்ணீர் போதுமா என்று தெரிந்துகொள்ள அந்த எண் பலகைகள் பெரிய உதவி. எண்ணைத் தவிர வேறெதுவும் மிஞ்சாதபோதுதான் பிரச்சினை.

கொல்லிமலையை எப்படிப் பார்ப்பது என்பதற்கு நம்மிடம் பழைய வழி ஒன்று உண்டு. சங்கப் பாடல்களில் கொல்லிப்பாவை வருகிறாள். நற்றிணை 201இல், காற்று மோதினாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் அவள் அழகு குலைவதில்லை. அங்கே யாரும் அவளை வெல்லப் போகவில்லை. போரும் நடந்த மலைதான். சேரனுக்காகக் காரி வல்வில் ஓரியைக் கொன்றான். அவன் வென்றது ஓரியை. மலை அப்படியேதான் இருந்தது.

இனி அந்தக் குறிப்பில் விட்டுப்போனது. தள்ளிக்கொண்டு போன அந்த ஏழெட்டு வளைவுகள்தான் இன்று எனக்குத் துல்லியமாக ஞாபகம் இருக்கின்றன. ஓட்டும்போது முன்சக்கரத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. நடக்கும்போதுதான் காற்று குளிர்ந்திருப்பது தெரிந்தது. கீழே சேந்தமங்கலம் பக்கத்து வயல்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. கைப்பிடிச் சுவரில் குரங்குகள். பலாப்பழத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு மலைவாசிப் பெரியவர் என்னைப் பார்த்து, “பஸ்சு வருதே தம்பி, அதுல ஏத்திக்கிட்டுப் போலாமில்ல?” என்றார். நான் சிரித்து மழுப்பினேன். அவர் நகர்ந்து, சுவரில் எனக்கும் இடம் விட்டார். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயணத்திலேயே நல்ல பத்து நிமிடம் அது. எழுதும்போது அதைத்தான் முதலில் வெட்டினேன். ஏனென்றால் அவரைச் சேர்த்தால், நான் இறங்கியதையும் சொல்லவேண்டி வந்திருக்கும்.

பழைய குறிப்பை அழிக்கவில்லை. “வென்று” என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, நாற்பத்து மூன்றாவது வளைவில் இறங்கினேன் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பின்பல்லையும் மாற்றியாகிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் ஏற்றம் என்றால் பாலம் ஏறுவதுதான். ஆகவே சோதித்துப் பார்க்க மறுபடி நம்பர் ஒன் டோல்கேட், முசிறி, நாமக்கல் வழியாகக் காரவள்ளிக்குத்தான் போகவேண்டும். மழை விட்டதும் போகலாம் என்றிருக்கிறேன். மறுபடி இறங்கினால், எந்த வளைவில் என்று எழுதுகிறேன்.