முட்டை விலையும் பத்து நிமிட பிட்காயினும்

"பத்து நிமிடத்தில் பிட்காயின் ஏறுமா?" ப்ரோபோ மாதிரி கணிப்புச் செயலிகளில் இப்படியும் கேட்டார்கள். ஆம், இல்லை ரெண்டுக்கும் சேர்த்து விலை 10 ரூபாய். இது திறமை என்பது அவர்கள் வாதம்.

எனக்கு அது ஒட்டவில்லை. நாமக்கல் முட்டை விலையைக் கணிக்கிற பண்ணைக்காரருக்குக் கையிருப்பு தெரியும், கேரளா எவ்வளவு கேட்கும்னு தெரியும், புரட்டாசியில் விற்பனை படுக்கும்னும் தெரியும். அந்தக் கணிப்பில் சரக்கு இருக்கு. பத்து நிமிட பிட்காயினில் நமக்குத் தெரிய என்ன இருக்கு? கிட்டத்தட்ட காசு சுண்டுறதுதான். 5 ரூபாய் போட்டு, பாதி தடவை ஜெயிச்சாலும் கமிஷன் போக நட்டமே.

2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. வெளிநாட்டு பாலிமார்க்கெட்டில் இதே ஆட்டம் 15 நிமிடக் கணக்கில் இருக்கிறது. பெயர் கணிப்புச் சந்தை. கணிக்க ஒன்றுமில்லாத இடத்தில் அது சூதாட்டம்தான்.