நாற்பது பேரும் ஒரே திரையில்

கேரள அரசு ஊழியர்களின் பணிப்பதிவும் சம்பளமும் ஸ்பார்க் என்ற மென்பொருளில் இருக்கின்றன. அதைத் தேசிய தகவலியல் மையம் உருவாக்கியது. அதில் ஒவ்வோர் ஊழியருக்கும் பென் எனப்படும் நிரந்தர எண் உண்டு. திருவனந்தபுரம் தலைமைச் செயலகமானாலும் மலையோரத்து அரசுப் பள்ளியானாலும் சம்பளப் பட்டியல் இதன் வழியாகத்தான் தயாராகிறது. ஒருவருடைய நடப்புச் சம்பளத்தைத் திறந்தால் அவர் ஒருவரே தெரிவார்; ஒரு படியையோ பிடித்தத்தையோ பலருக்கும் ஒருசேரச் சேர்க்கவும் தனி வழி இருக்கிறது. மாதக் கடைசியில் பட்டியல் போடும் எழுத்தர், எல்லா வேலைக்கும் எல்லாரையும் ஒரே படிவத்தில் அடுக்கிக் காட்டினால் என்ன என்று கேட்பது இயல்பு. அந்தக் கோரிக்கையில் பாதி நியாயம். பார்க்கவும் ஒப்பிடவும் அடுக்கு வேண்டும். திருத்தும் இடமாக அது மாறினால் கேடு.

நியாயமான பாதி சிறியதல்ல. கேரளத்தின் 2019 ஊதியத் திருத்தத்தில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 23,000 ரூபாய். அதற்குக் கீழே ஒரு தொகை விழுந்தால் மென்பொருளே தடுத்துவிடலாம். ஆனால் 55,200 இருக்க வேண்டிய இடத்தில் 52,600 விழுந்தால் எந்த வரம்புச் சோதனையும் வாய் திறக்காது. தனிப் படிவத்தில் அதுவும் ஒரு சம்பளம், அவ்வளவுதான். ஒரே பதவியில் ஒரே ஆண்டில் சேர்ந்தவர்கள் அடுத்தடுத்த வரிகளில் நிற்கும்போதுதான் ஏன் இவருக்கு மட்டும் குறைவு என்ற கேள்வியே பிறக்கிறது. இந்த வகைப் பிழையைப் பிடிக்கப் பட்டியலைவிட மலிவான கருவி இல்லை.

அதே பட்டியலில் கை வைக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. நிரல்கள் கூடக் கூடத் திரை வலப்பக்கம் நகரும், பெயர் கண்ணிலிருந்து மறையும், ஒருவரின் பிடித்தம் பக்கத்து வரிக்காரர் தலையில் விழும். தொகை சரியாக இருக்கும், ஆள்தான் மாறியிருப்பார். 1992இல் வந்த தரவுத்தள மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில், பதிவுகளை வரிவரியாக அடுக்கிக் காட்டும் தொடர் படிவம் இன்னும் நுட்பமான ஒரு சிக்கலைக் காட்டுகிறது. அங்கே ஒவ்வொரு வரியிலும் தனித்தனிப் பெட்டி இருப்பதுபோலத் தோன்றினாலும் உண்மையில் இருப்பது ஒரே பெட்டிதான். அதுவே வரிதோறும் வரையப்படுகிறது. ஆகவே மாவட்டத்தைப் பொறுத்துத் தாலுகா பட்டியல் மாறும்படி அமைத்தால், ஒரு வரியில் மாவட்டத்தைத் தேர்ந்ததும் மற்ற வரிகளில் தாலுகா வெறுமையாகத் தெரியக்கூடும். தரவு பத்திரமாக இருக்கும், கண்ணுக்குத்தான் காலி. காலியைக் கண்ட எழுத்தர் நிரப்பத் தொடங்குவார். அடுத்த வரிக்குப் போனதும், கேட்காமலே அது சேமிக்கப்பட்டுவிடும்.

நாற்பது பேருக்கு அகவிலைப்படி உயர்ந்தால் நாற்பது படிவத்தைத் திறப்பதா என்று கேட்கலாம். திறக்க வேண்டாம். அது நாற்பது திருத்தங்களல்ல, ஒரே உத்தரவு. விகிதத்தை ஒருமுறை கொடுத்து, பழைய தொகையையும் புதிய தொகையையும் அருகருகே காட்டி ஒப்புதல் வாங்கினால் போதும். எக்ஸெல் பழகிய கைக்குக் கட்டங்களே எளிது என்ற வாதமும் உண்டு. எளிதுதான், ஆனால் கட்டம் தன்னிடம் இல்லாததைச் சொல்லாது. 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 15,841 கோவிட் தொற்றாளர்களைத் தினசரிக் கணக்கில் தவறவிட்டது. பழைய எக்ஸெல் கோப்பின் வரம்பான 65,536 வரிகளோடு பட்டியல் நின்றுபோனதே காரணம். பார்த்தவர்களுக்கு அது முழுப் பட்டியலாகவே தெரிந்தது. இதற்கு மாறாக, ஜிமெயிலில் அனைத்தையும் தேர்ந்தெடுத்தால் அந்தப் பக்கத்தில் உள்ளவை மட்டுமே தேர்வாகின்றன. மீதியையும் சேர்க்கவா என்று அது தனியாகக் கேட்கிறது. அந்த ஒரு கேள்வி அலுவலக மென்பொருள்களில் அரிது.

மென்பொருள் செய்யச் சொல்லும் அலுவலகங்கள் இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்: பட்டியலில் பெயரும் எண்ணும் நகராமல் நிற்க வேண்டும், மொத்தம் எத்தனை பதிவுகள் என்று மேலே தெரிய வேண்டும், அதில் திருத்த விட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஒரு நிரலுக்கு மேல் அனுமதி கூடாது.