எண்ணெய் வயல் மடல்களில் ‘நாம்’, ‘நாங்கள்’

கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தைச் சேர்ந்த ஆயில் ஸ்பிரிங்ஸ், பெட்ரோலியா ஆகிய சிற்றூர்களின் பெயர்களே அவற்றின் தொழிலைச் சொல்லிவிடுகின்றன. 1858இல் ஜேம்ஸ் மில்லர் வில்லியம்ஸ் ஆயில் ஸ்பிரிங்ஸில் எண்ணெய் கண்ட பின்னர், ஒரு தலைமுறைக்குள் அவ்வட்டாரத்தார் கிணறு துளைப்பதில் தனித்திறம் பெற்றனர். கயிற்றுக்கு மாற்றாக மரக்கழிகளை ஒன்றோடொன்று திருகிப் பிணைத்து, முனையில் இரும்பு உளியைப் பொருத்தி, தூக்கித் தூக்கிப் போட்டுப் பாறையை உடைப்பது அவர்கள் முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இத்திறமே அவர்களைக் கலீசியா, சுமத்ரா, போர்னியோ, பாரசீகம், அசாம் எனப் பல நிலங்களுக்குக் கொண்டு சென்றது. சரவாக்கின் மிரியில் முதற் கிணறு 1910 டிசம்பரில் எண்ணெய் தந்தது. அது நின்ற குன்று இன்றும் கனடா குன்று என்றே வழங்கப்படுகிறது. இத்தொழிலாளர்கள் வீட்டுக்கு எழுதிய மடல்களுள் ஒரு பகுதி குடும்பங்களிலும் வட்டார அருங்காட்சியகங்களிலும் எஞ்சியுள்ளது.

வரலாற்றாசிரியர்கள் இம்மடல்களைச் செய்திக் களஞ்சியமாகவே கையாளுகின்றனர். கூலி எவ்வளவு, காய்ச்சல் எத்தனை பேரைக் கொண்டுபோயிற்று, கிணறு எத்தனை அடி இறங்கிற்று என்பனவே அவர்கள் தேடுவன. அது குற்றமன்று. ஆயினும் இவை செய்தி அறிக்கைகள் அல்ல. நெடுந்தொலைவிலிருந்து ஒருவன் தன் குடும்பத்தில் தனக்குரிய இடத்தைக் காத்துக்கொள்ள மேற்கொண்ட மொழிச் செயல்கள். அவ்விடம் இலக்கணத்தில் எங்கே பதிந்திருக்கிறது என்பதைக் காண மொழிபெயர்ப்பு, அதிலும் தமிழ் மொழிபெயர்ப்பு, நல்லதொரு கருவியாகிறது.

முதலில் ஒரு சொல். பெட்ரோலியா வழக்கில் ‘ஃபாரின் டிரில்லர்’ என்பது அயல்நாட்டவனைக் குறிப்பதில்லை. அயல்நாடு சென்ற உள்ளூர்க்காரனையே குறிக்கும். ‘அயல்நாட்டுத் துளைப்பாளர்’ என்று பெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். தமிழ்நாட்டிலும் ‘சிங்கப்பூர்க்காரர்’ என்று ஊரார் சுட்டுபவர் பல நேரங்களில் அவ்வூரிலேயே பிறந்தவர்தாம். அடைமொழி ஆளின் பிறப்பைச் சொல்லாமல் அவர் போன திசையைச் சொல்லும் இவ்வமைப்பு நமக்குப் புதிதன்று. இருந்தும் அகராதியை நம்பும் மொழிபெயர்ப்பாளர் இங்குதான் இடறுகிறார்.

இனி மையச் சிக்கல். ஆங்கிலத்தின் தன்மைப் பன்மை ‘வீ’ கேட்போரை உள்ளடக்குகிறதா, விலக்குகிறதா என்று சொல்வதில்லை. தமிழ் சொல்லியே ஆகவேண்டும். மனைவிக்கு எழுதும் துளைப்பாளன் ஒருவன் ஒரே பத்தியில் ‘நேற்று எண்ணெய் கண்டோம்’ என்றும் ‘வீட்டுக் கடனை அடைத்துவிடுவோம்’ என்றும் பொருள்படும் இரு தொடர்களை அடுத்தடுத்து எழுதுவதாகக் கொள்வோம். இரண்டிலும் ஆங்கிலத்தில் ஒரே பதிலிப்பெயர். முதலதில் உடனுழைக்கும் குழு. இரண்டாவதில் கணவனும் மனைவியும். தமிழில் முன்னது நாங்கள், பின்னது நாம். ஆங்கிலத்தில் எழுதுபவன் ஓசையின்றிக் கடக்கும் எல்லையைத் தமிழ் வேலி போட்டுக் காட்டிவிடுகிறது. மடலின் உயிர் அவ்வெல்லையில்தான் இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒருவனது ‘வீ’ குடும்பத்தை விட்டு வயலின் பக்கம் சாய்ந்தால், அதைவிட வலுவான சான்று அவன் மனநிலைக்கு வேறில்லை. அதை எண்ணிப் பார்க்க ஆங்கில வாசகர் சூழலை அலச வேண்டும். தமிழ் வாசகருக்கு மொழிபெயர்ப்பாளரின் முடிவே கண்முன் நிற்கும். முடிவு பிழையானால் சான்றும் பொய்யாகும்.

இவ்வேறுபாடு தமிழிலக்கணத்தில் மிகப் பழையது. தொல்காப்பியம் அதனை உளப்பாட்டுத் தன்மை எனக் கொள்ளும். அம், ஆம் ஈறுகள் முன்னிலையாரையும், எம், ஏம் ஈறுகள் படர்க்கையாரையும் உளப்படுத்தும் என்பர் பழைய உரையாசிரியர். தமர் எனப்படுவோராயின் படர்க்கையாரும் முன்னதில் அடங்குவர் என்ற நுட்பமும் உரையில் உண்டு. இந்நுட்பம் பெட்ரோலியா மடல்களுக்கு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. உடனுழைப்போர் பலர் அதே ஊரினர், அண்டை வீட்டார். ‘அடுத்த ஆண்டு ஊர் திரும்புவோம்’ என்னும்போது அக்குழுவும் மனைவிக்கு அயலாரன்று, தமரே.

தற்காலத் தமிழில் வினைமுற்று ஈறு -ஓம் ஒன்றே. ஆகவே எழுவாயைத் தொக்கவிட்டால் வேறுபாடும் மறைகிறது. ‘எண்ணெய் கண்டோம்’ என்ற தொடர் மூலத்தின் மயக்கத்தை அப்படியே காக்கும். மொழிபெயர்ப்பாளர்கள் தோன்றா எழுவாயை நடை அழகுக்குரியதாக மட்டும் கருதுவது வழக்கம். இத்தகைய பனுவல்களில் அது பொருள் காக்கும் உத்தி. ஆனால் இவ்வழி எல்லா இடத்திலும் திறப்பதில்லை. வேற்றுமை ஏற்கும்போது நமக்கு அல்லது எங்களுக்கு, நம் அல்லது எங்கள் என்ற தேர்வு தவிர்க்கவியலாதது. வயலில் கட்டிய குடிசையை மனைவியிடம் ‘எங்கள் வீடு’ என்றால் அவள் அதற்கு வெளியே நிற்கிறாள். ‘நம் வீடு’ என்றால் அவளை அங்கு அழைக்கிறான். ஆங்கிலத்தில் இரண்டுமாக இருந்த சொல் அது. அத்தகைய இடங்களில் வெறும் ‘வீடு’ என்று நிறுத்துவதே நேர்மை.

மலாயிலும் ‘கீத்தா’, ‘காமி’ என இவ்வேறுபாடு உண்டு. ஆயினும் மிரியிலோ சுமத்ராவிலோ கூலியாட்களிடம் பேசப் பயன்பட்ட சந்தை மலாயில் அது பெரும்பாலும் மங்கிவிடுகிறது. இதனோடு மற்றொரு வினாவும் எழுகிறது. ‘முந்நூறு அடி துளைத்தோம்’ என்ற வகைத் தொடரில் கழி சுமந்த கூலியாட்கள் அடங்குவரா? 1889இல் எண்ணெய் காணப்பட்ட அசாமின் டிக்பாய்க்குப் பெயர் வந்ததாகச் சொல்லப்படும் கதை யாவரும் அறிந்தது: கனடியப் பொறியாளர் ஒருவர் ‘தோண்டு, பையா’ என்று ஆங்கிலத்தில் ஏவினாராம். சொற்பிறப்பு என்ற முறையில் அது ஏற்கத்தக்கதன்று. ஆனால் மக்கள் நினைவில் தங்கிய அத்தொடர் ஏவல். அதில் தோண்டுபவன் முன்னிலையில் மட்டுமே இருக்கிறான். தன்மைப் பன்மைக்குள் அவன் நுழைவதில்லை. தமிழின் ‘நாங்கள்’ மனைவியை விலக்குவதைக் காட்டும்; கூலியாளை விலக்குவதைக் காட்டாது. நம் இலக்கணக் கருவிக்கும் இவ்வளவே எல்லை.

‘யூ’ என்னும் முன்னிலைச் சொல்லைப் பற்றிச் சிறிது. கணவன் மனைவிக்கு எழுதுகையில் ‘நீ’ என்றும், மனைவி மறுமொழியில் ‘நீங்கள்’ என்றும் பெயர்ப்பது தமிழ் வழக்குக்கு இயல்பு. ஆனால் மூலத்தில் இல்லாத ஏற்றத்தாழ்வு அதனால் புகுந்துவிடும். ஊரில் இருந்த மடல்கள் பிழைத்தன; வயலுக்குச் சென்றவை பெரும்பாலும் அழிந்தன. மனைவியின் குரல் கிடைக்காத நிலையில் அவளுக்கு மரியாதைப் பன்மையை நாமாகச் சூட்டும் வாய்ப்பும் குறைவே. பிள்ளைகளுக்கும் சேர்த்து உரக்கப் படிக்கப்பட்ட மடலானால் இடையிடையே பன்மை ‘நீங்கள்’ வரலாம். எங்கே மாறுகிறது என்பதை விளிச்சொல்லைக் கொண்டே துணியவேண்டும்.

தொடக்க வாய்பாடு பற்றியும் ஒன்று. தான் நலம், அங்கும் அவ்வாறே இருக்குமென நம்புவதாகக் கூறும் ஆங்கில மரபுத் தொடரைப் பதிப்பாசிரியர்கள் வெற்றுச் சடங்கென வெட்டிவிடுவதுண்டு. ‘நலம், நலமறிய அவா’ என்று பெயர்த்தால் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் காய்ச்சல் நிலத்திலிருந்து பல வாரங்கள் கழித்து வந்துசேரும் மடலில், ‘நலம்’ என்பது எழுதிய நாளின் செய்தி. படிக்கும் நாளில் அது ஐயம். அத்தொடரில் தன்மை ஒருமையே வரும். பல மடல்களில் ‘வீ’ தொடங்குவது அதற்கு அடுத்த வரியிலிருந்துதான்.