போரை அளப்பதும் அறிவதும்

போர்க் கோட்பாடு எதற்கு? களத்தில் உயிரைப் பணயம் வைத்து நிற்பவருக்கு ஏட்டுப் படிப்பு என்ன சொல்லிவிட முடியும்? இதற்கு நேர்மையாக விடை தேடியவர் பிரஷ்யாவின் கார்ல் ஃபான் கிளாஸ்விட்ஸ். 12 வயதில் படையில் சேர்ந்தவர். 1806-இல் நெப்போலியனிடம் தன் நாடு தோற்றபோது பிரெஞ்சுக்காரர்களிடம் கைதியானவர். 1831-இல் காலராவில் அவர் இறந்தபின், திருத்தி முடிக்காத கையெழுத்துப் படிகளை மனைவி மரி 1832 முதல் நூலாக வெளியிட்டார். ‘போர் பற்றி’ என்ற அந்த நூல் இன்றும் ராணுவக் கல்லூரிகளில் பாடம். அதன் பலத்தையும் குறையையும் சேர்த்துப் பார்த்தால்தான் கோட்பாட்டின் எல்லை நமக்கு விளங்கும்.

அவர் எதை மறுத்தார் என்பதிலிருந்தே தொடங்கலாம். 1799-இல் ஃபான் பியூலோ என்பவர் போரை வடிவகணிதமாக்கினார். படைக்குச் சோறும் வெடிமருந்தும் வரும் கிடங்குகளை ஒரு கோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் இரு முனைகளிலிருந்தும் இலக்குக்குக் கோடு இழுங்கள். அவை கூடும் கோணம் 90 பாகைக்குக் குறையாமல் இருந்தால் துணிந்து முன்னேறலாம் என்றார். இதில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. அடித்தளம் அகலமாக இருந்தால், வழங்கல் பாதையை எதிரி அறுப்பது கடினம்தான். ஆனால் எதிரியும் யோசிப்பான், படைவீரன் அஞ்சுவான், மழை பெய்தால் பாதை சேறாகும். இவற்றில் எதுவும் அந்தக் கோணத்துக்குள் இல்லை. 1805-லேயே கிளாஸ்விட்ஸ் இதைக் கடுமையாக விமர்சித்தார்.

அவருடைய வரையறை எளியது: எதிரியை நம் விருப்பத்துக்குப் பணியவைக்கும் வன்செயலே போர். அரசியல் நோக்கம்தான் அதைத் தொடங்குகிறது. அந்த நோக்கமே அதன் அளவையும் தீர்மானிக்க வேண்டும். மக்களின் ஆவேசம், களத்தின் தற்செயல், அரசின் அறிவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். காகிதத்தில் சுலபமாகத் தெரிவது களத்தில் ஆயிரம் சிறு தடைகளால் தடுமாறும். ஆகவே கோட்பாடு தளபதியின் அறிவைப் பயிற்றலாம். களத்தில் அவர் கையைப் பிடித்து நடத்த முடியாது. தன் எல்லையைத் தானே சொல்லும் கோட்பாடு அரிது. இந்த நூலின் பெரும்பலம் அதுதான் என்பேன்.

கோட்பாட்டின் எல்லையைப் பற்றிய இந்த எச்சரிக்கையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாம் சாட்சி. அங்கே அமெரிக்கா முறைப்படி போர் அறிவிக்கவே இல்லை. 1964-இல் அதன் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டோங்கின் வளைகுடாத் தீர்மானத்தை வைத்தே போரில் இறங்கியது. தளபதி வெஸ்ட்மோர்லேண்ட், எதிரி ஈடுகட்ட முடியாத அளவுக்கு அவன் ஆட்களைக் கொன்றால் வெற்றி என்று கணக்கிட்டார். பிணங்களின் எண்ணிக்கை வெற்றியின் அளவுகோலானது. அதிகாரிகளின் பதவி உயர்வும் அதை ஒட்டியே நகர்ந்தது. 1968 டிசம்பர் முதல் 1969 மே வரை மேகாங் கழிமுகத்தில் 9-ஆம் காலாட்படைப் பிரிவு நடத்திய ‘ஸ்பீடி எக்ஸ்பிரஸ்’ நடவடிக்கையில் 10,899 எதிரிகள் கொல்லப்பட்டதாக அறிவித்தார்கள். கைப்பற்றிய ஆயுதங்களோ 748. மீதிப் பேர் எதைக் கொண்டு போரிட்டார்கள்? கொல்லப்பட்டவர்களில் 5,000 முதல் 7,000 பேர் வரை பொதுமக்களாக இருக்கலாம் என்று ராணுவத்தின் உள் ஆய்வே பின்னர் மதிப்பிட்டது. பியூலோவின் கோணம் போன இடத்தில் எண் வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை கொலையும் எந்த அரசியல் முடிவை நோக்கி என்ற கேள்வி அந்தக் கணக்கில் காணாமல் போனது.

ஆனால் கிளாஸ்விட்ஸைப் படித்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பதும் பிழை. 1982-இல் அமெரிக்க ராணுவ அதிகாரி ஹாரி சம்மர்ஸ், அவரை வைத்தே வியட்நாம் தோல்வியை ஆராய்ந்தார். அரசியல் நோக்கம் தெளிவாக இல்லை என்ற அவர் குற்றச்சாட்டு நியாயமானது. அங்கிருந்து அவர் சென்று சேர்ந்த இடமோ, கெரில்லாக்களை விட்டுவிட்டு வட வியட்நாமின் முறைப்படையோடு மோதியிருக்க வேண்டும் என்பது. கிராமத்து உழவன் ஏன் கெரில்லாவுக்குச் சோறு போட்டான் என்பதற்கு அதில் விடை இல்லை. ஒரே நூலிலிருந்து நிதானத்தையும் எடுக்கலாம், இன்னும் பெரிய போருக்கான வாதத்தையும் எடுக்கலாம் என்றால், அந்த நெகிழ்ச்சி ஒரு குறையே.

அதைவிடப் பெரிய குறை, அந்த வரையறை தளபதியின் நாற்காலியிலிருந்து எழுதப்பட்டது என்பது. மக்கள் ஆயுதமேந்துவது பற்றி நூலில் ஓர் அத்தியாயம் உண்டு. ஆயுதம் ஏந்தாமல் சாகும் மக்களுக்கு அதன் வரையறையில் இடமில்லை. அந்த இடத்தை நிரப்ப முயன்றது சட்டம். ஒரு தரப்பு போர் என்று ஒப்புக்கொள்ளாவிட்டாலும் ஆயுத மோதல் நடந்தாலே விதிகள் பொருந்தும் என்றும், உள்நாட்டு மோதலுக்கும் குறைந்தபட்சக் காப்பு உண்டு என்றும் 1949-இன் ஜெனீவா உடன்படிக்கைகள் சொல்கின்றன. அரசுகள் பெயரை மாற்றித் தப்பப் பார்க்கும் என்பதை அவற்றை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். 2009-இல் வன்னியில் நடந்த போரை இலங்கை அரசு ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்றது. 2022-இல் உக்ரைன் படையெடுப்பை ரஷ்யா ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’ என்றது. வரையறையைப் போரிடும் தரப்பிடமே விட்டுவிட்டால் இதுதான் நடக்கும்.

ஆகவே போர்க் கோட்பாட்டைத் தூக்கி எறியவும் வேண்டாம், வேதமாக்கவும் வேண்டாம். எதற்காகப் போர், எங்கே நிறுத்துவது என்று ஆட்சியாளரிடம் கேட்கும் துணிவை அது தந்தால் அதற்கு மதிப்பு உண்டு. கோணமாகவோ எண்ணாகவோ சுருங்கினால் அது கொலைக்குக் கணக்கெழுதும் வேலையே. அந்தக் கேள்வியைத் தளபதிகளிடம் மட்டும் விட்டுவைக்காமல், வரி கட்டுகிற, பிள்ளைகளைப் படைக்கு அனுப்புகிற மக்களும் கேட்கப் பழக வேண்டும். போரைப் பற்றிய படிப்பு ராணுவக் கல்லூரிக்கு வெளியே வர வேண்டும் என்று நான் விரும்புவது அதற்காகத்தான்.