வானிலையும் வாக்கும்

அமெரிக்காவின் இலினோய் மாநிலத் தொலைக்காட்சியில் பல்லாண்டுகள் வானிலை கூறிவந்த எரிக் சோரென்சன், 2022இல் ஜனநாயகக் கட்சி அபேட்சகராய் நின்று பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவானார். சுவீடனின் வானிலை அறிவிப்பாளர் பேர் ஹோல்ம்கிரென், 2019இல் பசுமைக் கட்சியின் சார்பில் ஐரோப்பியப் பாராளுமன்றம் சென்றார். காலநிலை நெருக்கடியை அறிந்தோர் சட்டமியற்றும் சபைகளை அடைவது வரவேற்கத்தக்கதே. ஆயினும், நாள்தோறும் கண்ட முகத்தின்மீதுள்ள நம்பிக்கை அரசியல் நம்பிக்கையாகிவிடுமா? இன்றைய முன்னறிவிப்பை நாளைய வானமே சோதித்துவிடும். தேர்தல் வாக்குறுதியைச் சோதிக்கவோ அமெரிக்கர் 2 ஆண்டுகளும் ஐரோப்பியர் 5 ஆண்டுகளும் காத்திருத்தல் வேண்டும். மழை எல்லோர்மீதும் பெய்கிறது. வெள்ளமோ பள்ளத்துக் குடிசையைத்தான் முதலில் தேடுகிறது. ஏழையைப் பள்ளத்தில் இருத்தியது வானமன்று, சமுதாயமே. அதனை அறிவித்தால் மட்டும் போதாது, மாற்றுதல் வேண்டும். அபேட்சகர் யார் பக்கம் நிற்கிறார் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.