நூறு மணி நேரக் கணக்கு

நெடுந்தூர சைக்கிள் சவாரிகளை முடித்து சூப்பர் ராண்டனர் பதக்கம் வாங்கியவர்களைப் பாராட்டும் கூட்டங்களில் இப்போது ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. அந்தப் பதக்கத்துக்கு ஒரே பருவத்தில் முடிக்க வேண்டிய 200, 300, 400, 600 கிலோமீட்டர் சவாரிகளுக்கு ஆடாக்ஸ் க்ளப் பரீசியன் என்ற அமைப்பு வைத்திருக்கும் கெடு முறையே பதின்மூன்றரை, 20, 27, 40 மணி நேரம். கூட்டினால் நூறு மணிக்குக் கொஞ்சம் மேலே. வருடம் முழுக்க வீட்டிடம் கேட்பது அவ்வளவுதான். பயிற்சியோ விடிகாலை நாலு மணிக்கு. பிள்ளைகள் கண் விழிப்பதற்குள் திரும்பிவிடலாம். இதில் யாருக்கு நஷ்டம்?

இந்த விளையாட்டின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. முதலிடம் கிடையாது, பரிசுப் பணம் கிடையாது. கெடுவுக்குள் வந்துவிட்டால் முதலில் வந்தவரும் கடைசியில் வந்தவரும் ஒன்றுதான். நாற்காலியே கதியென்று கிடந்த பலரை ஈ.சி.ஆருக்கு இறக்கியதும் இதுதான். நல்லது.

ஆனால் அந்த நூறு மணிக் கணக்கு, சைக்கிள் வாசலுக்கு வெளியே இருக்கும் நேரத்தை மட்டும் எண்ணுகிறது. நாலு மணிக்கு எழ வேண்டியவர் ஒன்பதுக்குப் படுத்தாக வேண்டும். எட்டரைக்கே அவர் பாதித் தூக்கத்தில் இருப்பார். பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கும் வீட்டில் எல்லாம் நடப்பது எட்டரைக்குப் பிறகுதான். நாளைக்குச் சார்ட் பேப்பர் வேண்டும் என்று அப்போதுதான் ஞாபகம் வரும். கிரைண்டரைக் கழுவுவதும், யூனிஃபார்மில் அறுந்த பட்டனைத் தைப்பதும் அப்போதுதான்.

சனிக்கிழமை காலை ஆறுக்குக் கிளம்பி, 400 முடித்து ஞாயிறு ஒன்பதுக்கு வந்து சேர்கிறவரைப் பாருங்கள். திரையை இழுத்துவிட்டுப் படுக்கிறார். டிவியின் சத்தம் குறைகிறது. பிள்ளைகள் மொட்டைமாடிக்கு விரட்டப்படுகிறார்கள். இரண்டாவது விசிலுக்கு மேல் குக்கரை யாரும் விடுவதில்லை. அவர் வீட்டில்தான் இருக்கிறார். அவருடைய கணக்குப்படி அது குடும்பத்தோடு கழித்த ஞாயிறு.

சாலையில் விதி கண்டிப்பானது. பின்தொடரும் வண்டி கூடாது. சொந்த ஆட்கள், வழியில் கார்டில் முத்திரை குத்தும் கன்ட்ரோல் பாயின்ட்டில் மட்டுமே கைகொடுக்கலாம். நடுராத்திரி டியூப் பஞ்சரானால், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தானே மாற்ற வேண்டும். தன் கையே தனக்குதவி. அதில் ஒரு கம்பீரமும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே சனி, ஞாயிறுகளில் மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர், அப்பா எங்கே என்று கேட்ட கல்யாண வீட்டுக்குப் பதில் சொன்னவர், சேறும் கிரீஸும் அப்பிய ஜெர்ஸியை ஊறவைத்தவர் ஆகியோருக்கு முத்திரை குத்த ப்ரெவே கார்டில் கட்டமில்லை. வெளி உதவியே இல்லாமல் ஓட்டினேன் என்று மைக்கில் சொல்கிறவருக்கு எப்படி நா கூசாமல் இருக்கிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான்கு சவாரிக்கு நான்கே வார இறுதிகள் என்பதும் எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான். 600இல் முழங்கால் மக்கர் பண்ணிப் பாதியில் நின்றால், அந்தப் பருவம் முடிவதற்குள் இன்னொரு 600 தேட வேண்டும். உள்ளூரில் இல்லையென்றால் சைக்கிளைக் கழற்றிக் கட்டிக்கொண்டு கோவைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் கனவு இருந்தால் இழுவை இன்னும் நீளம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த 1,200 கிலோமீட்டருக்கு 2023இல் போனவர்கள், நான்கு தகுதிச் சவாரிகளையும் அதே பருவத்தில் முடிக்க வேண்டியிருந்தது. முந்தைய ஆண்டில் அதிக தூரச் சவாரியை முடித்தவர்களுக்கே முன்பதிவில் முதல் வாய்ப்பு. 90 மணி நேரச் சவாரிக்கு இரண்டு வருட வீட்டு அட்டவணை போய்விடுகிறது.

இதற்கு நடுவே, ‘ஹோம் மினிஸ்டர் பர்மிஷன் கொடுத்துட்டாங்க’ என்று ஒரு சிரிப்பு. வேலை முழுவதும் யார் தலையில் விழுகிறதோ, அவரையே அதிகாரி ஆக்கிவிடும் சாமர்த்தியம் அது. ஒரு பெண் 300க்குக் கிளம்பும்போது இந்த நகைச்சுவை எடுபடுவதில்லை. முந்தின ராத்திரியே மூன்று வேளைக்குச் சமைத்து, எந்த டப்பாவில் என்ன என்று ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் அவள் ஹெல்மெட்டை எடுக்கிறாள். குடும்பத்தோடு ஒத்துப்போகும் பயிற்சி பற்றி வகுப்பெடுக்கும் ஆண்கள் யாரும் அந்தச் சீட்டைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

புதிய பருவம் நவம்பரில் தொடங்குகிறது. ஓட்டக் கிளம்புகிறவர் நான்கு தேதிகளையும் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்றைக்கு வீட்டில் எந்த வேலையை யார் செய்யப்போகிறார் என்றும் எழுதிப் பார்க்கட்டும். பெரும்பாலான வீடுகளில் கடைசிவரை ஒரே பெயர்தான் வரும்.