சத்துப் பானம்: டப்பாவின் முன்புறமும் பின்புறமும்

கடையில் அழகாக அடுக்கி வைத்திருக்கும் சத்துப் பான டப்பாக்களுள் ஒன்றைக் கையிலெடுத்துப் பாருங்கள். முன்புறத்தில் துள்ளி ஓடும் சிறுவனின் படம் இருக்கும். வளர்ச்சி, எலும்பு வலிமை, நினைவாற்றல் என்னும் சொற்கள் பெரிய எழுத்துகளில் இருக்கும். பின்புறத்தில், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய சிறு எழுத்துகளில், ஓர் அட்டவணை இருக்கும். முன்புறத்தை எழுதியவர் விற்பனையாளர். பின்புறத்தை எழுதச் செய்தது சட்டம். இவ்விரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று நாம் சற்று ஆராய்வோம்.

செய்தியில் வந்தது என்ன?

2023 ஏப்ரலில், போர்ன்விட்டாவில் சர்க்கரை மிகுதி என்று கூறும் வீடியோ ஒன்று சமூக ஊடகங்களில் பரவியது. நிறுவனம் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பவே, அதை வெளியிட்டவர் நீக்கிவிட்டார். ஆனால் கேள்வி நீங்கவில்லை. குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது.

2024 ஏப்ரலில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இணையவழி வணிகர்களுக்கு ஓர் அறிவுறுத்தல் விடுத்தது. பால், தானியம், மால்ட் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’, ‘எனர்ஜி டிரிங்க்’ என்னும் தலைப்புகளில் வைத்து விற்கக் கூடாது என்பது அதன் சாரம். ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற சொல்லுக்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறையே கிடையாது! அதே மாதத்தில் மத்திய வணிகத் தொழில் அமைச்சகமும் இவ்வாறே அறிவுறுத்தியது. ஹார்லிக்ஸை விற்கும் நிறுவனமும் தன் பானங்களின் வகைப் பெயரை மாற்றிக்கொண்டது.

இச்செய்தியைப் படித்த பலர், ‘அரசு தடை செய்துவிட்டது’ என்று எண்ணினர். ‘இத்தனை நாள் நஞ்சையா கொடுத்தோம்?’ என்று பதறினர். இரண்டும் தவறு. நீக்கப்பட்டது ஒரு பெயர்தான். டப்பாவுக்குள் இருக்கும் தூள் நேற்று எப்படி இருந்ததோ அப்படியேதான் மறுநாளும் இருந்தது. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, அத்தூளில் என்ன இருக்கிறது என்பதே.

மால்ட் என்பது என்ன?

பார்லி தானியத்தை ஊறவைத்து முளைகட்டினால், அதனுள் அமைலேஸ் என்னும் நொதி பெருகுகிறது. இது மாவுச்சத்தை உடைத்து மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. முளைத்த தானியத்தை உலர்த்திப் பக்குவப்படுத்தினால் கிடைப்பது மால்ட். அதன் இனிப்பும் மணமும் இவ்வாறு வந்தவையே. நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைக்கும்போதும் இதே வேதி மாற்றம் நிகழ்கிறது. ஹார்லிக் சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மால்ட்டையும் பாலையும் சேர்த்துத் தூளாக்கி விற்கத் தொடங்கினர். நல்ல பால் எளிதில் கிடைக்காத இடங்களில் அது உண்மையிலேயே பயன்பட்டது. இன்றைய தூள்கள் பலவற்றில் மால்ட்டுடன் சர்க்கரையும், சில உயிர்ச்சத்துகளும், தாது உப்புகளும் சேர்க்கப்படுகின்றன.

ஒரு சிறு கணக்கு

இப்போது பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் தூளில் 32 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரையும் 7 கிராம் புரதமும் இருப்பதாக டப்பாவின் பின்புறம் கூறுகிறது என்று கொள்வோம். ஒரு வேளைக்கு 20 கிராம் தூள் என்றால், சர்க்கரை 6.4 கிராம். காலையும் மாலையும் கொடுத்தால் ஏறத்தாழ 13 கிராம். பிள்ளை குடிக்க வேண்டுமே என்று தாய் ஒவ்வொரு முறையும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை சேர்த்தால் இன்னும் 10 கிராம். ஆக 23 கிராம்.

இது அதிகமா? உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இவ்வகைச் சர்க்கரையிலிருந்து வரும் ஆற்றல் நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. நாளொன்றுக்கு 1,600 கலோரி தேவைப்படும் குழந்தைக்கு இந்த அளவுகள் முறையே 40 கிராம், 20 கிராம். இரண்டு தம்ளர் பானத்திலேயே இரண்டாவது அளவு கடந்துவிட்டது. பிஸ்கட்டும் மிட்டாயும் இன்னும் கணக்கில் வரவில்லை!

புரதத்தைப் பாருங்கள். 20 கிராம் தூளில் 1.4 கிராம் புரதம். அதைக் கலக்கும் 200 மில்லி லிட்டர் பாலிலோ சுமார் 6 கிராம். அதாவது தம்ளரில் உள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு பாலிலிருந்து வருகிறது. பெயர் மட்டும் தூளுக்குப் போகிறது. ‘பாலுடன் அருந்தும்போது’ என்று சிறு எழுத்தில் அச்சிடப்படும் சொற்களின் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

உயரம் வளருமா?

2008இல் பிரிட்டனில் ஒரு சுவையான நிகழ்ச்சி நடந்தது. பிள்ளைகளை மேலும் உயரமாகவும், வலிமையாகவும், கூர்மையாகவும் ஆக்கும் என்று கூறிய ஹார்லிக்ஸ் விளம்பரம் அங்கே ஒரு நேபாளித் தொலைக்காட்சியில் வந்துவிட்டது. அக்கூற்றுகளுக்குப் போதிய சான்று இல்லை என்று அந்நாட்டு விளம்பரத் தர ஆணையம் அதைத் தடை செய்தது. நிறுவனம் கூறிய விளக்கம் என்ன தெரியுமா? அது வங்காளதேசத்துக்காக எடுக்கப்பட்ட விளம்பரம். தவறுதலாக அங்கே ஒளிபரப்பாகிவிட்டதாம்! அறிவியல் உண்மைக்கு நாட்டு எல்லை உண்டா என்று மாணவர்களாகிய நீங்கள் கேட்கலாம்.

‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று ஒரு விளம்பரம் சொன்னால், உடனே எதனுடன் ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். பானம் குடித்த பிள்ளைகளை எதுவும் குடிக்காத பிள்ளைகளுடன் ஒப்பிட்டால், முன்னவர் நன்கு வளர்ந்ததற்குக் கூடுதலாகக் கிடைத்த பாலும் உணவுமே காரணமாக இருக்கலாம். வெறும் பால் குடித்தவர்களுடனும், அதே விலைக்கு முட்டையும் கடலையும் உண்டவர்களுடனும் ஒப்பிட்டால்தான் தூளின் உண்மையான பங்கு தெரியும். உயரம் பெரும்பாலும் மரபையும், முதல் சில ஆண்டுகளில் கிடைத்த உணவையும், நோயற்ற வாழ்வையும் பொறுத்தது.

யாருக்கு நட்டம்?

நியாயமாகச் சொல்வதானால், தூளில் சேர்க்கும் இரும்பும் உயிர்ச்சத்துகளும் பொய்யல்ல. குறைபாடுள்ள குழந்தைக்கு அவை பயன்படும். பால் குடிக்க மறுக்கும் பிள்ளை சுவைக்காகவாவது குடித்தால் அதுவும் நன்மையே. வசதியுள்ள வீட்டில் அளவோடு கொடுப்பதால் பெருங்கேடு ஏதுமில்லை.

நட்டம் ஏழை வீட்டுக்குத்தான். டப்பா வாங்குவதற்காகப் பாலைக் குறைத்து, தண்ணீரில் தூளைக் கரைத்துக் கொடுக்கும் தாய், சத்தைக் கைவிட்டுச் சுவையை விலைக்கு வாங்குகிறாள். ஒரு கைப்பிடி, அதாவது 20 கிராம் நிலக்கடலையில் சுமார் 5 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. இவற்றுக்கு அந்த அளவுக்கு விளம்பரம் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது டப்பாவைத் திருப்பிப் பிடியுங்கள். ஒரு வேளைத் தூளில் உள்ள சர்க்கரை, புரதம், விலை ஆகிய மூன்றையும் கணக்கிட்டு, அதே விலைக்குக் கிடைக்கும் பால், முட்டை, கடலை ஆகியவற்றுடன் ஓர் அட்டவணையில் எழுதுங்கள். அதை வீட்டில் பெற்றோருக்கும் காட்டுங்கள். எதை வாங்குவது என்று அதன்பின் முடிவு செய்யலாம்.